தேக்கும் சோலையும்

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

கொங்கு நாட்டுப் பேச்சில் ‘காடு’ என்றால் மரம் அடர்ந்த வனம் அன்று. சோளமும் நிலக்கடலையும் விளைகின்ற மேட்டு நிலம்தான் காடு. ‘காட்டுக்குப் போயிருக்கிறார்’ என்றால் வேலைக்குப் போயிருக்கிறார் என்று பொருள். யானையும் புலியும் வாழுமிடத்தை எங்கள் பக்கத்தில் ‘மலை’ என்றுதான் சொல்வார்கள். எனவே, எங்கள் துறையின் கல்விச் சுற்றுலாவுக்காக நான் வீட்டில் ரூ.750 கேட்டபோது, “காட்டப் பாக்கறதுக்குக் காசு குடுத்தா போறீங்க? நானு தெனமும் சும்மாதானே போய்ட்டு வாரேன்?” என்று என் அம்மாயி கேட்டதில் வியப்பேதும் இல்லை. ரூ.750 என்பது என் தாயாரின் இரண்டு நாள் கூலி.

காடு, வனம், சோலை, தோப்பு, தோட்டம் என்று பல சொற்களை நாம் ஒன்றுக்கொன்று மாற்றிப் பேசுகிறோம். பேச்சில் அதனால் கேடில்லை. ஆனால் தாவரவியல் படிக்கும் மாணவனுக்கு இவை வெவ்வேறு பொருள்கள். இந்த வேறுபாட்டை, சென்ற டிசம்பரில் டாப்சிலிப்பில் நடந்து நாங்கள் கண்டவற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பொழுதுபோக்குக்காக வனம் செல்லும் நண்பர்களுக்கும் இது ஓரளவு பயன்படும் என நம்புகிறேன்.

டாப்சிலிப் எங்கே இருக்கிறது?

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில், ஆனைமலைத் தொடரில் டாப்சிலிப் அமைந்துள்ளது. இப்பகுதி 1976-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1987-ல் இந்திரா காந்தி பெயர் சூட்டப்பட்டது. 2007-ல் ஆனைமலைப் புலிகள் காப்பகம் ஆயிற்று. கோவை, திருப்பூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் இக்காப்பகத்தின் மையப் பகுதி மட்டுமே 950 சதுர கி.மீட்டருக்கு மேல். இதற்குள் அடங்கிய கரியான்சோலையும் புல்மலையும் 2012-ல் யுனெஸ்கோ அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலை உலக மரபுச் சின்னங்களில் இடம் பெற்றுள்ளன. அதாவது பாரிஸ் மாநகரத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் பட்டியலில் இருக்கும் ஓர் இடத்துக்குப் பொள்ளாச்சி பேருந்து நிலையத்திலிருந்து நகரப் பேருந்து போலவே ஒரு பேருந்தில் ஏறிப் போய்விடலாம்!

இங்கே புவியியல் வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். டாப்சிலிப்பைத் தாண்டினால் கேரளத்தின் பறம்பிக்குளம். ஆனால் கேரளத்தார் தம் சொந்தப் பறம்பிக்குளத்துக்குச் சாலை வழியாகப் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் வந்து, பொள்ளாச்சிப் பக்கம் சுற்றி, சேத்துமடையில் மலையேறித்தான் போக வேண்டும். எல்லைக் கோட்டை வரைந்தவர்கள் மலையைக் கேட்டுக்கொண்டு வரையவில்லை.

பெயரில் ஒளிந்திருக்கும் வரலாறு

‘டாப்சிலிப்’ என்ற ஆங்கிலப் பெயருக்கு விளக்கம் எளிது. மலையுச்சியில் வெட்டிய தேக்குத் தடிகளைச் சரிவில் உருட்டிச் சறுக்க விட்ட இடம். கீழே விழுந்த தடிகளை வண்டிகளில் ஏற்றிக் கொண்டு போனார்கள்.

வெள்ளையருக்கு ஏன் இவ்வளவு தேக்கு? முதலில் கப்பலுக்கு. இங்கிலாந்தின் கருவாலி மரத்தில் உள்ள டானிக் அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கு அப்படி அரிப்பதில்லை. அதன் வைரத்தில் உள்ள எண்ணெய்ப் பொருள்களும் குயினோன்களும் கரையானையும் பூஞ்சையையும் அண்ட விடா. வெயிலிலும் நீரிலும் அது அதிகமாகச் சுருங்குவதோ வீங்குவதோ இல்லை. 1817-ல் பம்பாயில் மேற்குக் கரைத் தேக்கால் கட்டப்பட்ட ‘திரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் இன்னமும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் நீரில் மிதந்து கொண்டிருக்கிறது என்றால் பாருங்கள். பின்னர் இரயில் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை வேண்டியதாயிற்று. வெட்டு வேகமாக நடந்தது. வெட்டியதன் விளைவைக் கண்டு பயந்துதான் சென்னை மாகாணத்தில் 1856-ல் வனத்துறையைத் தொடங்கி ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவரை அதன் காப்பாளராக்கினார்கள். 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. மரத்தைக் காப்பதற்கு வந்த சட்டம் மரத்தடியில் குடியிருந்தவர்களையும் கட்டுப்படுத்தியது. இதைச் சொல்லும் இடம் பின்னால் வரும்.

ஆனைமலையில் ஹியூகோ வுட் என்ற வன அலுவலரின் பெயரை இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். 1933-ல் இறந்த அவருடைய கல்லறை டாப்சிலிப்புக்கு அருகே மவுண்ட் ஸ்டூவர்ட்டில் தேக்கு மரங்களுக்கு நடுவே இருக்கிறது. ‘என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறவனே, சுற்றிலும் பார்’ என்ற கருத்தில் இலத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. இலண்டனில் தூய பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையிலும் இதே வாசகம்தான் என்று எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் பிறகு சொன்னார்.

வுட் செய்த பெரிய காரியம் மறுதளிர் முறை. மரத்தை வேரோடு அழிக்காமல், தரைக்குச் சற்று மேலே வெட்டி அடிக்கட்டையை விட்டுவிட்டால், உறங்கும் மொட்டுகள் விழித்துப் பல தளிர்களை விடும். அவற்றில் வலுவான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிட்டால் அடுத்த மரம் தயார். வேர் ஏற்கெனவே ஆழமாக இருப்பதால் வளர்ச்சியும் வேகம். இரண்டாம் பருவத்தில் ‘மொட்டு உறக்கம்’ பற்றி நாம் ஐந்து மதிப்பெண்ணுக்குப் படிக்கிறோமே, அதன் மேல்தான் ஒரு மலையே நிற்கிறது.

அவர் தம் கைத்தடியால் தரையில் குழி குத்தி, பையிலிருந்து தேக்கு விதைகளைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று ஒரு கதை இங்கே எல்லோர் வாயிலும் வழங்குகிறது. கேட்க இனிமையான கதை. ஆனால் தாவரவியல் மாணவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஐயம். தேக்கின் கனியைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? காகிதப் பை போன்று ஊதிய புல்லி வட்டத்துக்குள் கல் போன்ற கொட்டை. அதை உடைத்தால் நான்கு அறைகள். பல அறைகளில் விதையே இராது. இருக்கும் விதையும் எளிதில் முளைக்காது. நாற்றங்காலில் நனைத்து, உலர்த்தி, மீண்டும் நனைத்து, மீண்டும் உலர்த்தித்தான் விதைக்கிறார்கள். பிறகு வேரும் தண்டும் சிறிதளவே விட்டு நறுக்கிய குச்சிகளாக நடுகிறார்கள். எனவே இம்மலையை ஒரு கைத்தடி மட்டும் நட்டிருக்க முடியாது. நாற்று சுமந்த தலைகளும் குழி பறித்த கைகளும் ஏராளமாக இருந்திருக்க வேண்டும். அவர்களுக்குக் கல்லும் இல்லை, இலத்தீனும் இல்லை. நட்டுக் களையெடுத்துக் கூலி வாங்கும் குடும்பத்திலிருந்து வந்தவன் ஆகையால் எனக்கு இது முதலில் தோன்றியது போலும்.

தேக்கு நிற்கும் இடம்

எங்கள் பேராசிரியர் காலையில் எங்களை முதலில் தேக்கு மரங்களின் நடுவே நிறுத்தினார். இலை ஒன்றையும் பறிக்கக் கூடாது, கீழே உதிர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. புலிகள் காப்பகத்தில் உலர்தாவரத் தாளுக்காகக் கூட எதையும் எடுத்து வர இயலாது.

பழைய செய்முறைக் குறிப்பேட்டில் தேக்கை வெர்பினேசி என்று படித்த அண்ணன்மார் நம் கல்லூரியில் பலர் இருப்பார்கள். பெந்தம்–ஹூக்கர் வகைப்பாட்டில் அது அப்படித்தான். மரபணுச் சான்றுகளைக் கொண்ட இன்றைய ஏ.பி.ஜி. வகைப்பாட்டிலோ டெக்டோனா கிராண்டிஸ் லேமியேசி குடும்பத்துக்கு வந்துவிட்டது. துளசியும் கற்பூரவல்லியும் இருக்கும் குடும்பம்! வீட்டு முற்றத்துத் துளசிக்கும் கப்பல் கட்டிய தேக்குக்கும் உறவு என்பதை முதலில் நம்ப முடியவில்லை. காற்றில் முறிந்து விழுந்திருந்த ஓர் இளங்கிளையைப் பேராசிரியர் எடுத்துக் காட்டினார். நான்கு பட்டை கொண்ட தண்டு, எதிரெதிராக இலைகள். துளசித் தண்டும் அப்படித்தானே? இளந்தளிரை விரலில் கசக்கினால் மருதாணி போலச் சிவக்கிறது. இந்தச் சோதனையை ஒரு முறை செய்தவர்கள் தேக்கை எந்த வயதிலும் மறக்கமாட்டார்கள்.

நிறைய இலைகள் நரம்பு மட்டும் எஞ்சிச் சல்லடை போல இருந்தன. இலைப் பசுமையை மட்டும் தின்று நரம்பை விட்டுவிடும் ஒரு விட்டில் பூச்சியின் புழு செய்த வேலை. ஒரே இன மரம் காதக்கணக்கில் நின்றால் அந்த இனத்தைத் தின்னும் புழுவுக்கு ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தேடிப் போக வேண்டிய துன்பமே இல்லை அல்லவா? பல மரங்கள் கலந்த காட்டில் அதற்கு இந்த வசதி கிடையாது.

பத்து மீட்டர் சதுரத்துக்குக் கயிறு பிடித்து உள்ளேயிருந்த செடி வகைகளை எண்ணி எழுதினோம். தேக்கு, தேக்கு, மீண்டும் தேக்கு. கீழே சில புதர்கள், புல், உண்ணிச்செடி. ஒரு பக்கம் கூட நிரம்பவில்லை. தரையில் பெரிய இலைகள் சருகாகக் குவிந்து, நடந்தால் அப்பளம் நொறுங்குவது போல ஓசை. பிப்ரவரி முதல் இம்மரங்கள் முற்றிலும் இலை உதிர்த்து நிற்கும். அப்போது ஒரு தீக்குச்சி போதும். அதனால்தான் கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடுகளை வெட்டி வைக்கிறார்கள்.

தேக்கைக் குறை சொல்வதாக நண்பர்கள் நினைக்கக் கூடாது. மொட்டையாகிப் போயிருக்க வேண்டிய மலையில் மரம் நிற்கிறது என்றால் அது வுட் போன்றவர்களால்தான். அதே நேரம், அந்தக் கல்லறையில் நின்று சுற்றிலும் பார்த்தால் தெரிவது பெரும்பாலும் ஒரு தோட்டம். மிகப் பெரிய, மிக அழகிய, மனிதன் நட்ட தோட்டம். அதைக் காடு என்று எண்ணிப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்கள்தாம் அதிகம்.

(பறம்பிக்குளத்தின் தூணக்கடவில் உள்ள கன்னிமாரா தேக்கை நேரமின்மையால் நாங்கள் பார்க்கவில்லை. அது யாரும் நட்டதன்று, தானாக முளைத்தது. ஐவர் கைகோத்தால்தான் அணைக்க முடியும் என்கிறார்கள். வெட்டியபோது இரத்தம் வந்தது என்ற நம்பிக்கையால் அங்குள்ள மலைமக்கள் அதை வணங்கி வருகின்றனர். கோடரியிடமிருந்து அதைக் காத்தது அந்த நம்பிக்கைதான் என்பதைப் பகுத்தறிவாளர்களும் மறுக்க இயலாது.)

சோலைக்குள்

பிற்பகலில் வழிகாட்டி ஒருவருடன் கரியான்சோலையின் ஓரமாக நடந்தோம். அவர் காடர் இனத்தைச் சேர்ந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பாடநூல்களில் ‘சோலைக்காடு’ என்பது ஏறத்தாழ 1500 மீட்டருக்கு மேல், புல்வெளிகளின் மடிப்புகளில் காணப்படும் குட்டையான பசுமைமாறாக் காட்டைக் குறிக்கும். ஆனைமலையில் புல்மலைப் பகுதியில் அது உண்டு. கரியான்சோலை அதைவிடத் தாழ்ந்த உயரத்தில் உள்ள, வானளாவிய மரங்களைக் கொண்ட வெப்பமண்டலப் பசுமைமாறாக் காடு. ஆயினும் மக்கள் வழக்கில் இருண்டு அடர்ந்த காடெல்லாம் சோலைதான். தேர்வுத்தாளில் மட்டும் கவனமாக இருந்தால் போதும்.

உள்ளே நுழைந்தவுடன் வெயில் நின்றுவிட்டது. குறிப்பேட்டில் எழுதியதை நானே படிக்க முடியவில்லை. மேலே ஓர் அடுக்கு, அதற்குக் கீழே ஓர் அடுக்கு, அதற்கும் கீழே ஓர் அடுக்கு என்று இலைகள் ஒளியைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டு மிச்சத்தையே தரைக்குத் தருகின்றன. அந்த மிச்சத்தில் வாழத் தெரிந்த பெரணிகளும் இஞ்சிக் குடும்பத்துச் செடிகளும் மட்டுமே கீழே. பெரு மரங்களின் அடியில் பலகை பலகையாக வேர்கள் எழும்பி நின்றன. மண்ணில் சத்து மேல் அடுக்கில் மட்டுமே இருப்பதால் வேர் ஆழத்துக்குப் போவதைவிட அகலமாகப் பரவுகிறது. உயர்ந்த மரம் சாயாமலிருக்க இந்தப் பலகைகள் முட்டுக் கொடுக்கின்றன. பல இலைகளின் நுனி எலி வால் போல நீண்டிருந்தது. மழைநீர் இலையில் தங்காமல் சொட்டிவிட இது உதவுகிறது. நம் சமையலறை மிளகின் காட்டு உறவினர் மரங்களில் படர்ந்து ஏறியிருந்தார். மிளகுக்குத் தாயகமே இம்மேற்கு மலைகள் அல்லவா? அட்டைகளும் எங்களை வரவேற்றன. அந்த வரவேற்பைப் பற்றி விரித்துரைக்க மாணவியர் சிலர் வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் விடுகிறேன்.

இங்கேயும் கயிறு பிடித்தோம். இரண்டாம் பக்கமும் போதவில்லை. பெயர் தெரிந்தவற்றைவிடப் பெயர் தெரியாதவையே மிகுதி. ‘தெரியாத செடி 1, தெரியாத செடி 2’ என்று எண் போட்டுக்கொண்டே போனோம். அப்போதுதான் வழிகாட்டி வாய் திறந்தார். எண் போட்ட ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பெயர் இருந்தது. பெயர் மட்டுமா? எதன் காய் எந்த மாதம், எதன் பூவுக்குத் தேனீ வரும், எதன் பட்டையைப் புண்ணுக்கு அரைக்கலாம், எது யானைக்குப் பிடிக்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கள் பேராசிரியர் முனைவர் பட்டம் பெற்றவர். தம் சட்டைப் பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். இடையே “ஐயா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க” என்றும் கேட்டுக்கொண்டார். என் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். அந்தக் காட்சியை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் காட்டிய மரங்களுள் வெடிப்பலா ஒன்று. பெயரில் பலா இருந்தாலும் பலாக் குடும்பம் அன்று. தென்கிழக்கு ஆசியாவின் டூரியான் பழத்துக்கு நெருங்கிய உறவு. முள் நிறைந்த காய். பூக்கள் கிளை நுனியில் அல்லாமல் கிளைத் தண்டிலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும். சிங்கவால் குரங்குகளுக்கு இம்மரம் சோறு போடும் மரம். பூவையும் தின்னும், காயை உடைத்து விதையையும் தின்னும். இக்குரங்கு உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லை. பெரும்பாலும் மரத்தை விட்டு இறங்காது. எனவே சோலையின் நடுவே தேக்கையோ தேயிலையையோ நட்டால் அதற்கு வழி அறுந்து விடுகிறது. நமக்கு அது வெறும் ஐந்நூறு மீட்டர் இடைவெளி. அதற்கோ நடுவே கடல்.

இருவாசியின் ஒலியைக் கேட்டோம். சிறகடிக்கும் ஓசை இரயில் எஞ்சின் மூச்சு விடுவது போல இருந்தது. பறவையைக் கண்டவர்கள் முன்னால் சென்ற நால்வர் மட்டுமே. பெண் பறவை மரப் பொந்துக்குள் நுழைந்து, வாயிலைத் தன் எச்சத்தாலும் மண்ணாலும் அடைத்துக்கொண்டு முட்டையிடும். சிறு பிளவு வழியாக ஆண் பறவை வாரக்கணக்கில் பழம் ஊட்டும். இதற்குப் பெரிய பொந்துள்ள முதிய மரம் வேண்டும். ஆண்டு முழுவதும் பழம் தரும் அத்தி இனங்கள் வேண்டும். தின்ற பழத்தின் விதைகளை இருவாசி வெகுதூரம் கொண்டு போய்ப் போடுகிறது. கூலி வாங்காத நாற்றங்கால் பணியாளர்!

பூங்கா என்ற எண்ணம்

மக்கள் ஓய்வு கொள்ளவும் உலாவவும் ஒரு காட்டையே அரசு ஒதுக்கி வைக்கலாம் என்ற எண்ணம் புதியது. அமெரிக்காவில் 1864-ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் யோசெமிட்டி பள்ளத்தாக்கு கலிபோர்னியா மாநிலத்திடம் பொதுமக்களின் பொழுதுபோக்குக்காக ஒப்படைக்கப்பட்டது. அங்குள்ள மாநிலப் பூங்காக்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி எனலாம். 1872-ல் யெல்லோஸ்டோன் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. அங்கெல்லாம் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள், மிதிவண்டியில் சுற்றுகிறார்கள், நெருப்பு மூட்டிச் சமைக்கிறார்கள். ஆனால் யோசெமிட்டியைப் பூங்காவாக்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1851-ல், அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்களை ஆயுதப் படை விரட்டியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆளில்லாத அழகிய காடு என்று படத்தில் தெரிவது பல இடங்களில் ஆளை அகற்றிய காடு.

நம் நாட்டில் நிலைமை வேறு. ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் ஆகியோர் இன்னமும் காட்டுக்குள் வாழ்கிறார்கள். வனத்துறை யானைகளைப் பழக்குவதும் நடத்துவதும் மலசர்களின் கைத்திறன். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவர்களுக்கு நிலத்திலும் காட்டு விளைபொருளிலும் உரிமை உண்டு என்று கூறுகிறது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் பட்டாவுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. சுற்றுலாப் பயணிக்கு நுழைவுச் சீட்டு ஐந்து நிமிடத்தில் கிடைத்து விடுகிறது. இவ்விரண்டு வரிசைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டியது படித்தவர் கடமை.

என் அம்மாயி இளமையில் மலையடிவாரத்தில் சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாக விற்றவர். ஒருமுறை அரிவாளைப் பறிகொடுத்து வெறுங்கையோடு திரும்பியதை இப்போதும் சொல்வார். அவருக்கு மலை என்றால் அந்த அரிவாள்தான். எனக்கோ செய்முறைத் தேர்வு. எங்களுக்கு முன்னால் வாகனத்தில் வந்திறங்கிய குடும்பத்துக்கு விடுமுறை. மூவருக்கும் உரிய இடமாக ஒரு காடு இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு மூவரும் ஒரே மாதிரி அதைப் பயன்படுத்த முடியாது.

யானையும் கரும்பும்

தேக்கை இழுத்த யானைகளுக்கு இன்று இழுக்க மரமில்லை. கோழிகமுத்தி முகாமில் வளரும் யானைகளுள் பயிற்சி பெற்றவை கும்கிகளாக, ஊருக்குள் வரும் காட்டு யானைகளைத் திருப்பி அனுப்பும் பணியைச் செய்கின்றன. அவற்றுள் புகழ் பெற்ற கலீம் 2023-ல் முறைப்படி ஓய்வு பெற்றது.

2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் பிடிக்கப்பட்ட சின்னத்தம்பி என்ற யானையை ஆனைமலைக் காட்டில் கொண்டு வந்து விட்டார்கள். சில நாட்களில் அது மலையிறங்கி, நூறு கி.மீட்டர் போல நடந்து, உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டுக்குள் வந்து நின்றுவிட்டது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. என் தந்தையார் கரும்பு வெட்டும் தொழிலாளி. யானை நின்ற பக்கம் வெட்டு நின்றது. வெட்டு நின்றால் கூலி நிற்கும். ஆனாலும் எங்கள் ஊரார் அதைத் திட்டவில்லை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அதைக் கும்கியாக்கக் கூடாது என்று பேசியவர்களே அதிகம். உயர்நீதிமன்றம் வரை வழக்குப் போய், பிப்ரவரியில் மீண்டும் பிடித்து, ஆனைமலையின் வரகளியாறு முகாமுக்குக் கொண்டு சென்று, பின்னர் கும்கியாகவே பழக்கினார்கள்.

இதில் தாவரவியல் என்ன இருக்கிறது என்பீர்கள். கரும்பும் மூங்கிலும் ஒரே புல் குடும்பம். யானைக்குத் தெரிந்த தீனிதான் கரும்பு. நீரும் சர்க்கரையும் மட்டும் பல மடங்கு கூடுதல். நாளெல்லாம் நடந்து தேட வேண்டிய உணவு ஓரிடத்தில் வரிசையாக நட்டு நீர் பாய்ச்சி வைக்கப்பட்டிருந்தால் அறிவுள்ள விலங்கு எதைத் தேர்ந்தெடுக்கும்? தேக்குக்குள் புழுவுக்கு நேர்ந்த வசதிதான் கரும்புக்குள் யானைக்கும் நேர்ந்தது.

வாய்க்காலில் வரும் மலை

மலைக்கும் எங்கள் ஊருக்கும் இன்னொரு தொடர்பு நீர். பறம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் ஆனைமலையில் பிறக்கும் எட்டு ஆறுகளின் நீரை அணைகளாலும் சுரங்கங்களாலும் இணைத்து, மேற்கே ஓட வேண்டியதில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். பறம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருந்தாலும் பராமரிப்பவர்கள் நாம்தான். இரு மாநில ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தாயிற்று. சர்க்கார்பதி வழியாக இறங்கி, மலையடிவாரத்தைச் சுற்றி வரும் கால்வாயில் திருமூர்த்தி அணைக்கு வந்து, நான்கு மண்டலமாக முறை வைத்து நீர் விடுகிறார்கள். எங்கள் மண்டலத்துக்கு முறை வரும் நாளில் ஊரே வாய்க்கால் மேட்டில் நிற்கும்.

அந்நீர் கோடையிலும் வருவதற்கு அணைகள் மட்டும் காரணமல்ல. கரியான்சோலையில் நாங்கள் நின்ற தரை மெத்தை போல அமுங்கியது. மக்கிய இலையும் வேரும் பூஞ்சை இழையும் பின்னிய அந்த மெத்தை மழையைக் குடித்து வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகிறது. நேராகச் சரிவில் பாயும் மழை மண்ணையும் அள்ளிக்கொண்டு போய் அணையில் படியும். அப்பளம் போல நொறுங்கிய தேக்குச் சருகையும், காலுக்கடியில் அமுங்கிய சோலைத் தரையையும் ஒரே நாளில் மிதித்துப் பார்த்தவர்களுக்கு இவ்வேறுபாட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

செல்வோர் கவனத்துக்கு

அடுத்த ஆண்டு செல்லவிருக்கும் இளையோருக்குச் சில குறிப்புகள். காலை முதல் பேருந்திலேயே செல்க. பச்சை அல்லது பழுப்புச் சட்டை நல்லது. எங்கள் நண்பர் ஒருவர் அணிந்து வந்த சிவப்புச் சட்டையின் மேல் நாள் முழுவதும் துண்டு போர்த்தப்பட்டது. நீண்ட காலுறை அட்டைக்கு நல்ல தடுப்பு. சேத்துமடை சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பையும் குப்பியும் உள்ளே செல்ல முடியாது. எவர்சில்வர் தூக்கில் எலுமிச்சைச் சோறு கொண்டு போன எனக்குத் தொல்லையில்லை. சாலையோரக் குரங்குக்கும் மானுக்கும் தின்பண்டம் எறிவது குற்றம். உப்பு ஒட்டிய காகிதத்தை மான் காகிதத்தோடு விழுங்கும். பாட்டுப் பெட்டியும் கைப்பேசிப் பாட்டும் வேண்டா. பாட்டை நிறுத்திய பத்தாவது நிமிடத்தில்தான் எங்களுக்கு மலையணில் தெரிந்தது. வழிகாட்டி இல்லாமல் சோலைக்குள் ஓரடியும் வைக்கக் கூடாது. அவருக்குரிய கட்டணத்தைச் சுற்றுலாக் கணக்கில் முதல் செலவாக எழுதி வைக்கவும்.

‘தெரியாத செடி’ என்று நாங்கள் எண் போட்டவற்றில் பலவற்றைத் திரும்பி வந்து தாவரக் கையேட்டின் துணையால் கண்டுபிடித்துவிட்டோம். 14-ஆம் எண் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. எதிரிலைகள், முழு விளிம்பு, நுனி வால் போல நீண்டது, ஓடைக்கு இடப்புறம் இரண்டாள் உயரம். பூவில்லாமல் குடும்பத்தைத் தீர்மானிக்க இயலவில்லை. வழிகாட்டி சொன்ன பெயரைத் துறைப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். மார்ச்சில் பூக்கும் என்று அவர் சொன்னார். டிசம்பருக்குப் பதிலாக மார்ச்சில் செல்ல அடுத்த அணி துறைத் தலைவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.